சறுக்கிச் சென்ற சொற்கள்

ரோலர் கோஸ்டர் என்ற சொல் நம் கேளிக்கைப் பூங்காக்களில் நன்றாக ஊறிவிட்டது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் போய்வந்த பிள்ளைகள் அதைத் தமிழ்ச் சொல் போலவே சொல்கிறார்கள். ரோலர் என்றால் உருளை; அது விளங்குகிறது. கோஸ்டர் என்றால் என்ன? கோஸ்ட் என்றால் கடற்கரை என்றுதான் படித்திருக்கிறோம். இரும்புத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் வண்டிக்கும் கடற்கரைக்கும் என்ன உறவு? இதைத் தேடிப் போனால் பனி மூடிய ஒரு குன்றில் போய் நிற்போம். அங்கே இரண்டு சறுக்குச் சட்டங்களின் மேல் பலகை அறைந்த ஒரு வண்டி இருக்கிறது. அதன்மேல் ஒரு சிறுவன் குப்புறப் படுத்துக் கீழே பாய்கிறான். அந்த வண்டியின் பெயர் ஸ்லெட். அவன் செய்வதற்குப் பெயர் கோஸ்டிங்.

மலைச்சரிவுக்குப் பிரெஞ்சு மொழியில் கோட் என்று பெயர். கனடாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தப் பொருள் வட அமெரிக்க ஆங்கிலத்துக்குள் வந்து, கோஸ்ட் என்ற பழைய சொல்லில் ஏறிக்கொண்டது. இரண்டுக்கும் மூலம் இலத்தீன் கோஸ்டா. அதன் பொருள் விலா எலும்பு. விலாவிலிருந்து பக்கம் என்ற பொருள் விரிந்தது. மலையின் பக்கம் சரிவானது, நிலத்தின் பக்கம் கரையானது. ஆகக் கடற்கரையும் பனிச்சரிவும் ஒரே விலாவில் பிறந்த உடன்பிறப்புகள்.

இந்தச் சொல்லுக்கு வரலாற்றில் ஒரு சாட்சியும் இருக்கிறது. 1775 ஜனவரியில் பாஸ்டன் நகரம் பிரிட்டிஷ் படையின் பிடியில் இருந்தது. பள்ளிச் சிறுவர்கள் ஆண்டுதோறும் சறுக்கும் வழி ஒன்று குன்றிலிருந்து ஸ்கூல் தெருவரை இறங்கியது. அந்தத் தெருவில் தங்கியிருந்த தளபதி ஹால்டிமாண்டின் வேலையாள் அதன்மேல் சாம்பலைக் கொட்டிக் கெடுத்துவிட்டான். சாம்பல் பட்ட பனியில் ஸ்லெட் நகராது. சிறுவர்கள் தங்களுக்குள் சிலரைத் தூதாகத் தேர்ந்து தளபதியிடமே அனுப்பினார்கள். தங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்து நடந்துவரும் உரிமை இது என்று முறையிட்டார்கள். தளபதி வேலையாளைக் கண்டித்து, வழியைச் சீர்செய்யச் சொன்னார். ஜான் ஆண்ட்ரூஸ் என்ற வணிகர் இதைத் தம் கடிதம் ஒன்றில் எழுதி வைத்தார். அந்தச் சறுக்குவழியை அவர் குறிப்பிடும் சொல் கோஸ்ட். மூன்று மாதத்தில், ஏப்ரல் 19 அன்று, லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்து அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது. பெரியவர்களின் உரிமைப் போருக்கு முன்பே பிள்ளைகள் தங்கள் சறுக்கும் உரிமையை வென்றிருந்தார்கள்.

ஒரு வேர், மூன்று பெயர்

இனி வண்டியின் பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்லெட், ஸ்லெட்ஜ், ஸ்லே என்று மூன்று பெயர்கள் உண்டு. சறுக்குதல் என்ற பொருளுள்ள ஸ்லைடு என்னும் வினையோடு மூன்றும் ஒரே குடும்பம். அந்த வினை ஆங்கிலத்துக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. பெயர்கள் மூன்றும் வெளியிலிருந்து வந்தவை. இடைக்கால டச்சு, தாழ்நிலச் செருமன் மொழிகளின் ஸ்லெட்டே முதலில் வந்து ஸ்லெட் ஆனது. டச்சு மொழியின் இன்னொரு வடிவமான ஸ்லேட்சே பிறகு வந்து ஸ்லெட்ஜ் ஆனது. சம்மட்டியைக் குறிக்கும் ஸ்லெட்ஜ் வேறு வேரில் பிறந்தது. ஒலி ஒன்றிப்போனது தற்செயல்.

மூன்றாவதான ஸ்லே அமெரிக்க மண்ணில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நியூயார்க் ஒரு காலத்தில் டச்சுக் குடியேற்றம்; 1664-ல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினார்கள். ஆட்சி மாறியும் வீட்டுச் சொற்கள் மாறவில்லை. குக்கி, பாஸ் ஆகியவை அந்த டச்சு வீடுகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தவை. குதிரை பூட்டிய பனிவண்டியான ஸ்லே என்பதும் அப்படியே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. பிறகு பயன்பாடு பெயர்களைப் பங்கு பிரித்தது. அமெரிக்காவில் குதிரை இழுப்பது ஸ்லே, பிள்ளைகள் சறுக்குவது ஸ்லெட். பிரிட்டனில் பிள்ளைகள் சறுக்குவதே ஸ்லெட்ஜ்.

சொல்லைவிடப் பொருள் மிகப் பழையது. பின்லாந்தின் ஹெய்னோலாவில் கிடைத்த பைன் மரச் சறுக்குச் சட்டம் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை உடையது. சக்கரம் பிறப்பதற்கு அது பல்லாயிரம் ஆண்டு முந்தியது. நார்வேயின் ஓசெபெர்க்கில் கி.பி. 834-ல் புதைத்த வைக்கிங் கப்பலுக்குள் நான்கு ஸ்லெட்கள் கிடைத்தன. அவற்றில் மூன்று உடல் முழுக்க வேலைப்பாடு கொண்டவை. இறந்தவர் மறுமைக்குப் போகவும் சறுக்கு வண்டி வேண்டியிருந்தது. பனி அரிதான எகிப்திலும் இது உண்டு. கி.மு. 1900 அளவில் வரைந்த ஜெஹுதிஹோதெப் கல்லறை ஓவியத்தில் பிரமாண்டமான சிலை ஒன்றைச் சறுக்குச் சட்டத்தில் ஏற்றி ஆட்கள் இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் முன்னாலுள்ள மணலில் நீர் ஊற்றுகிறான். சரியான அளவு ஈரமான மணலில் இழுவிசை பாதியாகக் குறையும் என்று 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள்.

பூர்வகுடிகள் தந்த பெயர்கள்

ஐரோப்பியர் கொண்டுவந்த ஸ்லெட்டுக்கு வட அமெரிக்கக் காட்டில் ஒரு தோல்வி காத்திருந்தது. சறுக்குச் சட்டம் ஒடுங்கியது. இறுகிய பனியிலும் உறைந்த ஏரியிலும் அது பறக்கும். மரங்களுக்கிடையே இடுப்பளவு குவிந்த பொலபொலப்பான பனியில் கத்திபோல் இறங்கிவிடும். அந்நிலத்தின் பூர்வகுடிகள் இதற்கு வழி கண்டிருந்தார்கள். சட்டமே இல்லாமல், மெல்லிய பலகைகளை ஒட்டி அடுக்கி, முன்நுனியை ஆவியில் வளைத்து மேலே சுருட்டிவிட்டார்கள். பாரம் அகலமாகப் பரவுவதால் வண்டி பனியின் மேல் மிதந்து செல்லும். மிக்மாக் மக்கள் தோபாகுன் என்று சொன்ன அது பிரெஞ்சுக்காரர் வழியாக டொபாகன் ஆனது. இன்று கனடாவில் பிள்ளைகள் சறுக்கும் குன்றுகளை அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். டொரொண்டோவில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளின் வாயிலும் புழங்குவது இந்தப் பூர்வகுடிச் சொல்தான்.

இதே சொற்குடும்பம் தெற்கே இறங்கி நியூ இங்கிலாந்தில் வேறு உருவம் எடுத்தது. அங்கே டாம்-பங் என்று திரிந்து, தலை தேய்ந்து, பங் என்று நின்றது. பங் என்பது பெட்டி வைத்த குதிரைப் பனிவண்டி. மளிகையும் பாலும் சுமந்து தெருவில் போகும். அதன் பின்சட்டத்தில் தொற்றி ஏறி இலவசமாகப் போவது பாஸ்டன் சிறுவர்களின் வாடிக்கை. அதற்குப் பங்கிங் என்று வினை ஒன்றும் பிறந்தது. வேடர்கள் மான் இறைச்சி இழுத்துச் சென்ற வண்டியின் பெயர் நகரத்துச் சிறுவர் குறும்பின் பெயராக முடிந்தது. குதிரைகள் தெருவை விட்டுப் போனதும் அந்த வினையும் அவற்றோடு போய்விட்டது.

ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் கமுதிக் என்னும் நீண்ட ஸ்லெட் செய்கிறார்கள். குறுக்குக் கட்டைகளை ஆணி அடிக்காமல் வாரால் கட்டுவது அதன் நுட்பம். மேடு பள்ளமான கடற்பனியில் ஏறி இறங்கும்போது கட்டு வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த வண்டியானால் பிளந்துவிடும். வளைந்து கொடுக்கும் இந்தக் குணம்தான் பின்னால் ஒரு விளையாட்டு வண்டியின் பெயராகவே ஆகி, உலகப் புகழ் பெற்றது.

வளைந்து பறந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை பிள்ளைகளின் ஸ்லெட்டை அப்பாவோ ஊர்த் தச்சரோதான் செய்து தந்தார்கள். 1861-ல் மெய்ன் மாநிலத்தின் ஹென்றி மார்ட்டன் அதையே தொழிலாகத் தொடங்கினார். அவர் மனைவி லூசில்லா பலகைகளில் ஓவியம் தீட்டினார். அக்கால ஸ்லெட்களில் இரண்டு சாதி உண்டு. தாழ்ந்து, நீண்டு, குப்புறப் படுக்க வாகானது கிளிப்பர். கடலில் வேகத்துக்குப் பேர்போன பாய்மரக் கப்பலுக்கும் அதுவே பெயர். உயர்ந்து, நிமிர்ந்து உட்கார ஏற்றது கட்டர். சிறிய குதிரைப் பனிவண்டிக்கு வழங்கிய பெயர் அது. கிளிப்பர் பையன்களுக்கு, கட்டர் பெண்களுக்கு என்று வீடும் கடையும் வகுத்திருந்தன. பெண்பிள்ளை எப்படி உட்கார வேண்டும் என்ற ஊர்க்கட்டுப்பாடு ஒரு பொம்மை வண்டியின் உயரத்தில் எழுதப்பட்டிருந்தது.

இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு குறை: திருப்ப முடியாது. காலைத் தேய்த்தும் உடம்பைச் சாய்த்தும்தான் திசை மாற்ற வேண்டும். மரம் வந்தால் விழுந்து தப்புவதே வழி. இதைத் தீர்த்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் லீட்ஸ் ஆலன். விதைப்புக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். விதைப்புப் பருவம் முடிந்தால் கருவி விற்காது, தொழிலாளிக்கு வேலை இராது. ஆண்டு முழுவதும் ஆட்களுக்கு வேலை தரும் குளிர்காலப் பண்டம் ஒன்றைத் தேடியவருக்கு ஸ்லெட் அகப்பட்டது. அவர் செய்த பெரிய ஸ்லெட் ஒன்றின் பெயர் ஃபேரி கோஸ்டர். நம் சொல் அங்கும் எட்டிப் பார்க்கிறது. 1889 ஆகஸ்ட் 13 அன்று காப்புரிமை பெற்ற அடுத்த ஆக்கம் ஃப்ளெக்ஸிபிள் ஃப்ளையர். அதில் மரச் சட்டத்துக்குப் பதில் மெல்லிய எஃகுச் சட்டம். முன்னால் ஒரு குறுக்குக் கட்டை. கட்டையைக் கையாலோ காலாலோ தள்ளினால் எஃகுச் சட்டம் அந்தப் பக்கம் வளையும், வண்டி திரும்பும். பலகையில் சிவப்புக் கழுகு. 1915-ல் மட்டும் சுமார் 1,20,000 வண்டிகள் விற்றன.

எஃகு ஏன் பனியில் அவ்வளவு வேகமாக ஓடுகிறது? பாரத்தின் அழுத்தம் பனியை உருக்குகிறது என்றுதான் நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். 1939-ல் பௌடன், ஹ்யூஸ் என்ற இரு அறிவியலாளர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் மலைக்கணவாயில் உள்ள பனிக்குகையில் சோதனை நடத்தி, உராய்வின் சூடுதான் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். கடுங்குளிரில் அந்தப் படலம் உருவாகத் திணறுவதால் பனி மணலைப் போல இழுக்கும். இந்த அறிவியல் தெரியாமலே பிள்ளைகள் அதன் பயனை அறிந்திருந்தார்கள். முதல் பனி விழுந்ததும் ஸ்லெட்டைக் கீழறையிலிருந்து எடுத்து, கோடையில் பிடித்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, சட்டத்தில் மெழுகுவத்தியை வழித்துப் பூசுவார்கள். அந்தத் தலைமுறையின் நினைவுகளில் எல்லாம் இந்த மெழுகு வாசனை உண்டு.

பிள்ளைகளின் அகராதி

வணிகர் வைத்த பெயர்கள் பலகையில் இருந்தன. பிள்ளைகள் வைத்த பெயர்கள் குன்றில் பிறந்தன. ஸ்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி, அதைக் கீழே போட்டு, அதன்மேல் வயிறு படப் பாய்ந்து, தலை முன்னாகச் சறுக்குவதுதான் வீரம். இதற்கு ஊருக்கு ஒரு பெயர். கிழக்கு நியூ இங்கிலாந்தில் பெல்லி-பம்ப். நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் பெல்லி-கட். நியூயார்க் நகரத்துப் பக்கம் பெல்லி-வாப். இன்னும் தெற்கே பெல்லி-பஸ்டர். எல்லாவற்றிலும் வயிறு உண்டு. அதற்கு அடுத்த சொல்தான் மாறும்: இடித்தல், மோதல், வெடித்தல்.

இவை எதுவும் பாடப்புத்தகத்தில் இல்லாத சொற்கள். தம்பி அண்ணனிடமிருந்து குன்றிலேயே கற்றுக்கொண்டவை. ஆதலால் இவை குடும்பங்கள் குடிபெயர்ந்த தடத்தை அப்படியே காட்டும் என்பதை மொழியியலாளர் ஹான்ஸ் குராத் உணர்ந்தார். 1930-களில் அவர் தலைமையில் தொடங்கிய பேச்சுவழக்கு ஆய்வில் வாளிக்கும் பால் பாத்திரத்துக்கும் வழங்கிய பெயர்களோடு, குப்புறச் சறுக்குவதற்கான பெயரையும் ஊர் ஊராகப் போய்க் கேட்டுக் குறித்தார்கள். 1949-ல் வெளிவந்த குராத்தின் சொற்புவியியல் நூலில் பெரியவர்களின் உழவுச் சொற்களுக்குப் பக்கத்தில் இந்த விளையாட்டுச் சொற்களும் இடம்பெற்றன. அறிஞர் ஒருவர் பிள்ளைகளின் பேச்சுக்குச் செய்த மரியாதை என்று இதைத்தான் சொல்வேன்.

கூட்டமாகச் சறுக்கவும் சொற்கள் இருந்தன. முன்னொன்று பின்னொன்றாக இரண்டு ஸ்லெட்களை நீண்ட பலகையால் இணைத்து எட்டுப் பேர், பத்துப் பேர் ஏறுவார்கள். அது ஓரிடத்தில் டபிள்-ரன்னர், ஓரிடத்தில் டபிள்-ரிப்பர், வெர்மான்ட் பக்கம் டிராவெர்ஸ். மரம் வெட்டுவோர் பெருங்கட்டைகளை ஏற்றக் குறுகிய ஸ்லெட்கள் இரண்டைப் பயன்படுத்தினார்கள். குட்டையானது என்ற பொருளில் அதற்குப் பாப்-ஸ்லெட் என்று பெயர். இந்தப் பெயர் ஆல்ப்ஸ் மலையேறி, செயின்ட் மோரிட்ஸ் விருந்தினர்களின் விளையாட்டாகி, 1924-ல் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது.

ஆல்ப்ஸுக்கு அதன் சொந்தச் சொற்களும் உண்டு. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் ரோடெல். பிரெஞ்சு பேசும் ஆல்ப்ஸ் கிராமங்களில் லூஜ். டாவோஸ் ஊரின் வளைந்த மர ஸ்லெட் அந்த ஊர்ப் பெயராலேயே விற்கிறது. 1883 பிப்ரவரி 12 அன்று டாவோஸிலிருந்து க்ளோஸ்டர்ஸ்வரை நடந்த பந்தயத்தில் 21 பேர் கலந்துகொண்டார்கள். ஆஸ்திரேலிய மாணவர் ராபர்ட்சனும் க்ளோஸ்டர்ஸின் தபால்காரர் மின்ஷும் ஒரே நேரத்தில் முடித்து வெற்றியைப் பகிர்ந்துகொண்டார்கள். கடிதம் சுமந்து நாள்தோறும் பனியில் இறங்கியவருக்கு அது பிழைப்பின் வழி. லூஜ் 1964-ல் ஒலிம்பிக் போட்டியானது. மணாலியில் வளர்ந்த சிவ கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் அதில் இந்தியாவுக்காகச் சறுக்கினார்.

குன்று போனது

மர ஸ்லெட்டை வீழ்த்தியது பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. எஃகுச் சட்டத்துக்கு இறுகிய பனி வேண்டும் என்று பார்த்தோம். அந்த இறுக்கம் கிடைத்தது தெருவில்தான். குதிரைவண்டிக் காலத்தில் பல ஊர்களில் தெருப்பனியை அள்ளுவதில்லை. பனிவண்டிகள் ஓட வேண்டுமென்று பெரிய மர உருளைகளை உருட்டி இறுக்கினார்கள். அந்தத் தெருச்சரிவுதான் பிள்ளைகளின் ராஜபாட்டை. மோட்டார் கார் வந்ததும் பனி எதிரியாயிற்று. அள்ளும் இயந்திரம் வந்தது. 1940-களிலிருந்து சாலை உப்பும் பரவியது. சில நகரங்கள் சரிவான தெருக்களைப் பிள்ளைகளுக்காகக் கயிறு கட்டி மறித்துப் பார்த்தன, நெடுநாள் தாங்கவில்லை. பிள்ளைகள் பூங்காவின் மெதுபனிக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே எஃகுச் சட்டம் புதைந்தது, அகன்ற பிளாஸ்டிக் தட்டு மிதந்தது. டொபாகனின் பழைய நியாயமே பிளாஸ்டிக் உருவில் திரும்பி வந்தது. திருப்பும் கட்டை மட்டும் போய்விட்டது.

இழந்தபின் அது நினைவின் சின்னமானது. ஆர்சன் வெல்ஸின் 1941-ஆம் ஆண்டுப் படமான சிட்டிசன் கேனில் பெருஞ்செல்வர் ஒருவர் சாகும்போது உதிர்க்கும் ரோஸ்பட் என்ற சொல், அவர் சிறுவயதில் விட்டுப் பிரிந்த ஸ்லெட்டின் பெயர். படத்தில் பயன்பட்ட ஸ்லெட் ஒன்றை 1982-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 60,500 டாலருக்கு வாங்கினார். 2025-ல் இன்னொன்று 1 கோடியே 47 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

கோஸ்ட் என்ற வினையோ பனியை விட்டு வெளியேறிப் பிழைத்துக்கொண்டது. மிதிக்காமல் சைக்கிள் இறங்குவதும் விசை கொடுக்காமல் கார் உருளுவதும் கோஸ்டிங் ஆயின. ரஷ்யாவில் மரச் சாரம் கட்டி, நீர் ஊற்றி உறையவைத்து, அதன்மேல் ஸ்லெட்டில் இறங்கும் செயற்கைக் குன்றுகள் இருந்தன. 1817-ல் பாரிஸில் அந்த வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டினார்கள். பிரெஞ்சில் இன்றும் ரோலர் கோஸ்டரின் பெயர் ரஷ்ய மலைகள். 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்ப்சன் தண்டவாளம் போட்டு ஓட்டினார். பனியில்லாத அந்தச் சறுக்கலுக்கும் அமெரிக்கர் கோஸ்டர் என்றே பெயர் வைத்தார்கள். ரஷ்ய மொழியில் அதற்கு அமெரிக்க மலைகள் என்று பெயர்.

பொருள் மறைந்தாலும் எழுதி வைத்த சொல் அதன் சரித்திரத்தைக் காப்பாற்றிவிடும். பெல்லி-பம்ப் என்ற சொல்லைச் சிலர் ஊர் ஊராகக் கேட்டு எழுதியதால்தான் அந்தக் குன்றுகளில் எப்படி விளையாடினார்கள் என்று இன்று நாம் பேசுகிறோம். நம் ஊர்களிலும் சக்கரமில்லாத சறுக்கு வண்டி உண்டு. கமுகிலிருந்து விழுந்த பாக்குமட்டையில் ஒரு பிள்ளை உட்கார, இன்னொரு பிள்ளை ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்தோடும். கமுகு இல்லாத ஊரில் தென்னை மட்டை. அந்த விளையாட்டுக்கும், உட்காருபவருக்கும், இழுப்பவருக்கும், கவிழ்ந்து விழுவதற்கும் குமரி, தஞ்சை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று ஊருக்கு ஊர் சொல் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவற்றைக் கேளுங்கள். ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள்.